கொடிக்கம்பத்தில் உன் கச்சை

சௌட்காம்ப்
புதன்கிழமை

என் மகள் ரென்ஸ்கேவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நல்லபடியாக இருக்கிறோம், கடற்காற்றுதான் கூரையைப் பிய்க்கிறது. ஒசாகாவில் நீயும் சுகமாக, வயிறு நிறையச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன்.

ஜூடோ சங்கத்தார் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளராக உன்னைக் கூப்பிடுகிறார்கள், ஆனால் சூமோவை விட்டால்தான் வேலை என்கிறார்கள் என்று போனில் சொன்னாய். அப்பாவிடம் கேட்டால் அவர் வாயே திறக்கவில்லை என்று அழுதாய். ஆறு வயதில் உன்னைச் சைக்கிளில் வைத்து ஊர் ஜூடோக் கூடத்துக்குக் கூட்டிப்போனவர், நீ தேசிய அணியில் சேர்ந்ததைத் துறைமுகம் முழுக்கச் சொல்லித் திரிந்தவர், நீ சூமோவுக்குப் போன நாளிலிருந்து அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. அப்பாவுக்காக ஜூடோவுக்கே திரும்பிவிடட்டுமா என்று கேட்டாய். அதற்குப் பதிலாக இங்கே நடந்ததை எழுதுகிறேன்.

சனிக்கிழமை உன் உலக சூமோப் போட்டி. அப்பா இறால் படகுக்குப் போகவில்லை. வலை கிழிந்திருக்கிறது என்றார், வலைக்கு ஒன்றுமே இல்லை. போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்துவைத்துப் பார்த்தோம். அந்த மங்கோலியப் பெண் உன்னை வட்டத்தின் ஓரம்வரை தள்ளியபோது மேசையைப் பிடித்துக்கொண்டு, "இடுப்பத் தாழ்த்துடி, தாழ்த்து" என்றார். நீ தாழ்த்தினாய், சட்டென்று திரும்பினாய், அவள் வெளியே கிடந்தாள். அப்பா எழுந்துபோய்ப் பரணை உருட்டினார். பரீட்சையில் தேறிய பிள்ளையின் வீட்டில் கொடியோடு பள்ளிப் பையையும் தொங்கவிடுவார்களே, நம் வீட்டில் அது நடந்ததே இல்லை. பயிற்சி முகாம் என்று சங்கத்தார் உன் பரீட்சையைத் தின்றார்கள், பிறகு எடை கூடிவிட்டது என்று உன்னையும் கழித்துக்கட்டினார்கள். பையைத்தான் தேடுகிறார் என்று நினைத்தேன். நீ விட்டுப்போன பழைய சூமோக் கச்சையை எடுத்துவந்து வாசல் கொடிக்கம்பத்தில் கட்டினார். மடிப்பைப் பிரித்து முழு நீளத்துக்கும் விட்டுவிட்டார். அடித்த காற்றில் அது போய்ப் பக்கத்து வீட்டு பெப்பின் புகைபோக்கியைச் சுற்றிக்கொண்டது. அவள் வெளியே வந்து, "என்ன ஹார்ம், ஊரெல்லாம் பையத் தொங்கவிடும், நீ கோவணத்தத் தொங்கவிட்டிருக்க" என்றாள். "கோவணந்தான். உன் மருமகன இதக் கட்டிக்கிட்டு வரச் சொல்லு, எம்பொண்ணு முன்னாடி எவ்வளவு நேரம் நிக்கிறான்னு பாப்போம்" என்றார் அப்பா. பெப் சிரித்துவிட்டாள். அப்பாவுக்கும் எனக்கும் கைகொடுத்து மகளுக்காக வாழ்த்துச் சொன்னாள். அப்புறம் தெருவே வந்தது, நாற்காலிகளை வட்டமாகப் போட்டோம், கேக் தீர்ந்துபோய்ப் பாலாடைக்கட்டியை வெட்டிவைத்தேன்.

திங்களன்று சங்கத்து ஆள் ஒருவர் காரில் வந்தார், உன்னைச் சம்மதிக்கவைக்கச் சொல்லி. தேன் ஒழுகப் பேசினார், அதுதான் எனக்கு ஆத்திரம். வளர்கிற பிள்ளைகளைப் பட்டினி போட்டுத் தராசில் ஏற்றி, இறால் கூடையைப்போலத் தரம் பிரித்தவர்கள். எடை குறைய வேண்டுமென்று நீ கோப்பையில் எச்சில் துப்பிக்கொண்டே உட்கார்ந்திருந்தது அவர்களுக்கு எங்கே நினைவிருக்கப் போகிறது. கம்பத்தைக் காட்டி, அந்தக் கச்சையை இறக்கிவிடலாமே, அணிப் பெண்கள் ரென்ஸ்கேவைப் பார்த்துவிட்டு இஷ்டத்துக்குச் சாப்பிட ஆரம்பித்துவிடுவார்கள் என்றார். அப்பா காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். "சாப்பிடட்டுமே" என்றார். அவ்வளவுதான். எழுந்து அந்த ஆளின் கோட்டை எடுத்துக் கையில் கொடுத்தார்.

ஆகவே அப்பாவுக்காக என்று எதையும் செய்யாதே. பயிற்சியாளர் வேலை உனக்கே வேண்டுமென்றால் எடுத்துக்கொள், நிபந்தனை உன்னுடையதாக இருக்கட்டும். பெரிய சூமோ மல்லர்களின் மேடையில் பெண் கால்பட்டால் தீட்டு என்று அங்கே உன்னைத் தடுத்தார்களாமே. இங்கே தின்னாதே என்கிறான், அங்கே ஏறாதே என்கிறான். இரண்டும் ஒரே ஆள்தான், சட்டைதான் வேறு. நீ தின்னு, ஏறு.

முழங்காலுக்குக் கட்டுப் போடாமல் பயிற்சிக்கு இறங்காதே. உன் உடம்பும் பலமும் ஒருநாளும் குறையாமல் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை அப்பா உன்னைக் கூப்பிடுவார், நான் சொல்லிக்கொடுத்து இல்லை. சூமோ விதிகளைப் பற்றி நிறையக் கேள்விகள் வைத்திருக்கிறார், பாதி அசட்டுக் கேள்விகள். சிரிக்காமல் பதில் சொல்லு.

முத்தங்களுடன்,
உன் அம்மா ஆலி