தனியே கிடந்த அடிஷனல் ஷீட்

5 அக்டோபர் 2005
காலாண்டுக் கணக்குத் தாள் கொடுத்தேன். பத்தாம் வகுப்பு கீதாஞ்சலிக்கு 31.

"அடிஷனல் ஷீட் ஒண்ணு கட்டியிருந்தேன் டீச்சர், காணோம்."

ஃபெயிலானால் எல்லாருக்கும் தாள் காணாமல் போய்விடும்! "எழுதாதத எழுதினேன்னு பொய் சொல்லாத" என்று வகுப்பு முன்னால் கத்தினேன். தேறுவது சந்தேகம் என்பவர்களின் '35 லிஸ்ட்'டில் அவளையும் சேர்த்தேன். அவர்களுக்கு கிராஃபும் வடிவியலும் மட்டும்தான். பாஸானால் போதும்.

4 ஜனவரி 2006
அரையாண்டில் அவளுக்கு 33. அல்ஜீப்ரா பக்கமே போகவில்லை.

"அதெல்லாம் எனக்கு வராது டீச்சர். நான் 35 லிஸ்ட்டு."

ஜூனில் நான் போர்டில் போட்ட கணக்கில் தப்புக் கண்டுபிடித்தவளா இவள்?

9 ஜனவரி
அவள் அம்மா லூர்துமேரி வந்தார். "படிப்பு ஏறலன்னு பொண்ணே சொல்லுது டீச்சர். உப்பளத்துல பாத்தி மிதிக்க ஆள் பத்தல. பொங்கல் கழிச்சி இட்டுனு போறேன்."

பொதுத்தேர்வுக்கு மூன்று மாதம்கூட இல்லை. இருந்தும் தலையாட்டி அனுப்பினேன்.

13 ஜனவரி
போகிக்கு எரிக்கப் பழைய தாள்களை அள்ளினேன். ஒன்பதாம் வகுப்புக் கட்டுக்குள் ஓர் அடிஷனல் ஷீட், நூல் அவிழ்ந்து. மேலே கீதாஞ்சலி என்ற பெயர்.

திருத்திக் கூட்டினேன். 27. காலாண்டு 31-ஓடு சேர்த்து மொத்தம் 58.

ஐயோ, என்ன பண்ணிட்டேன் நான்.

17 ஜனவரி
கீதாஞ்சலி வரவில்லை. தாள் கிடைத்ததையும், வகுப்பில் தப்பை ஒத்துக்கொள்ளப் போவதையும் ஹெச்.எம். காசிலிங்கம் சாரிடம் சொன்னேன். "பசங்க முன்னாடி ஒத்துக்கினா நாளைக்கு உங்கள மதிப்பாங்களா? விடுங்க டீச்சர்."

எனக்கும் அந்தப் பயம்தான். அதுதான் கேவலமாக இருக்கிறது.

18 ஜனவரி
உப்பளத்துக்கே போனேன். முழங்கால்வரை சேற்றோடு நின்றாள். 58 என்றேன். நம்பவில்லை.

"பாவம்னு மார்க் போடாதீங்க டீச்சர்."

தாளையும் சிவப்புப் பேனாவையும் நீட்டினேன். "நீயே திருத்து."

பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தாள். வரி வரியாகப் படித்தாள். ஒரு கணக்கில் கடைசி ஸ்டெப் இல்லை என்று இரண்டு மார்க் வெட்டி 25 போட்டாள். நான் அதைக் கவனிக்கவே இல்லை.

தாளையே பார்த்துக்கொண்டிருந்தவள் மெதுவாகச் சொன்னாள்: "அப்போ நான் எழுதித்தான் இருந்தேன்."

மூன்று மாதமாக அதைக்கூடச் சந்தேகப்பட்டிருக்கிறாள்!

பக்கத்தில் நின்ற லூர்துமேரி என்னைத் திட்டியிருக்கலாம். மகளிடம்தான் பேசினார். "போய்க் கால கழுவு. நாளைக்கு ஸ்கூலுக்குப் போ."

19 ஜனவரி
அதே வகுப்பில், அதே இடத்தில் நின்று, பொய் சொன்னது அவளில்லை, தாளைத் தொலைத்தது நான் என்றேன். லிஸ்டைக் கிழித்துப் போட்டேன்.

3 ஏப்ரல்
கணக்குப் பொதுத்தேர்வு. வாசலில் நின்றிருந்தேன். கீதாஞ்சலி ஓடி வந்தாள்.

"மூணு அடிஷனல் ஷீட் வாங்கினேன் டீச்சர்!"

நூல் கட்டினாயா என்று கேட்க வாயெடுத்தேன். முந்திக்கொண்டாள்.

"பல்லால இழுத்து முடிச்சு போட்டிருக்கேன். இந்த வாட்டி யாராவது தொலைச்சிப் பாக்கட்டும்."