வலது பக்க இருக்கை

புதுச்சேரி
வியாழன், அஸர் தொழுகைக்குப் பிறகு

அன்பு மகன் ஸைதுக்கு அம்மா சுரையா சொல்ல, உன் தங்கை இஷ்ரத் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் காவலில் நாங்கள் மூன்று பேரும் இருக்கிறோம், பிரான்ஸில், உன் லியோனில் குளிர் குறைந்ததா, உன் இருமல் போனதா, அதை முதலில் கேள் என்கிறார் அம்மா.

அண்ணா, அத்தா துணிக்கடைப் பொம்மைக்கு சலாம் வைத்தார். நான் முதலில் கவனித்தது அதைத்தான். இரண்டு மாதம் இருக்கும், ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு நேரு வீதியில் போனார். கடை வாசலில் ஜிப்பா போட்டு ஒரு கையைத் தூக்கினாற்போல் ஒரு பொம்மை நிற்க வைத்திருந்தார்கள். அத்தா வழக்கம்போல் இரண்டு விரலை நெற்றியில் வைத்து எடுத்துவிட்டு, “அய்மான் ரொம்ப எளச்சிட்டான் பாரு, வேல அதிகம் போல” என்றார். பைக்கடை அய்மான் அண்ணன் என்று நினைத்துக்கொண்டார். நான் துப்பட்டாவில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன், ஆமாத்தா என்றும் சொன்னேன். வீட்டுக்கு வந்து கதவை மூடும்போதுதான் எனக்குச் சிரிப்பு நின்றது.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நம் வீட்டில் நீ கூப்பிட்டால் அத்தா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார், அவர் காதில் விழாமல் ஒரு வார்த்தை பேச முடியாது. எனக்கும் வாயால் சொல்ல வராது, பத்தாவதில் எழுந்து வாசி என்றால் குரல் வராமல் நின்று, பிறகு பள்ளிக்கூடமே வேண்டாம் என்று வீட்டில் உட்கார்ந்தவள்தானே நான். அம்மா எழுதினால் ஒரு பக்கத்துக்கு ஒரு நாள் ஆகும். அதனால் நலம் விசாரிப்பது அம்மா, கார் விஷயம் நான் என்று பேசிக்கொண்டோம். “கூட இருந்து பாத்தவ நீ, நீயே எழுது, கூட்டாமக் கொறைக்காம எழுது” என்று சொல்லிவிட்டு அம்மா மீன் கழுவப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நடந்த பழைய கார் ஊர்வலத்தின் வீடியோவைப் பார்த்துவிட்டு நீ அன்றைக்கே போனில் கோபப்பட்டாய். அவ்வளவு பேர் முன்னால் நம் பேஜோ கார் நின்றுவிட்டதே, ஊர்வலத்தில் முதல் வண்டியாயிற்றே என்றாய். அத்தா கார்புரேட்டர் அடைப்பு என்றதும், அங்கே பழைய சாமான் விற்கும் கடையில் தேடிப் பிடித்து வாங்கி அனுப்புவதாகச் சொன்னாய். அனுப்பாதே அண்ணா. வண்டிக்கு ஒன்றும் இல்லை. நிறுத்தியது நான்.

உனக்கு அந்த வண்டியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நீ போன பிறகு அது இன்னும் பேர் வாங்கிவிட்டது, அதை மட்டும் சொல்கிறேன். சனி, ஞாயிறு வந்தால் கல்யாணப் போட்டோ எடுக்கிறவர்கள் நம் தெருவிலேயே வந்து நிற்கிறார்கள். அத்தா யாரையும் வேண்டாம் என்று சொல்வதில்லை, ஒரு காசும் வாங்குவதில்லை, பானெட்டில் மட்டும் உட்காரக் கூடாது. போன மாதம் ஒரு மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்துவிட்டான், “தம்பி, ஒன் மாமனார் தோள்ல இப்புடி ஏறுவியா? எறங்கு” என்றார், பெண் வீட்டார் எல்லாரும் கைதட்டினார்கள். பெரிய மார்க்கெட் பக்கம் போனால் ஆட்டோ ஸ்டாண்டில் கன்னியப்பன் அண்ணன் எழுந்து நின்று, “என்னா பாய், கவர்னர் கெளம்பிட்டாரா?” என்று கத்துவார், அத்தா ஹாரனைப் பதிலாக அடிப்பார். கடையில் நாள் முழுக்க வாடிக்கையாளர் பேச்சைக் கேட்டுவிட்டு வாடிப்போய் வருகிற மனிதர், அந்தக் காரில் உட்கார்ந்தால் முதுகு நேராகிவிடுகிறது.

எனக்குத்தான் அது கஷ்டம். ஸ்டீரிங் இடது பக்கம் இருக்கிற இந்தப் பிரெஞ்சு வண்டியில் எதிரில் வருவது ஓட்டுகிறவருக்குத் தெரியாது, முன்னால் போகும் பஸ்ஸைத் தாண்ட வேண்டுமென்றால் வலது பக்கம் உட்கார்ந்தவர்தான் பார்த்து வரலாம், இருங்க என்று சொல்ல வேண்டும். முன்பு அம்மா, பிறகு பத்து வருஷம் நீ, இப்போது நான். மற்ற கார்களில் டிரைவர் இருக்கிற இடத்தில் நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, “தே, ஸ்டீரிங்கே இல்லாம ஓட்டுதுடா இந்தப் பொண்ணு” என்று பைக்கில் போகிறவர்கள் சிரிப்பார்கள். வெள்ளைக்காரர்கள் போட்டோ எடுப்பார்கள். நான் குனிந்துகொள்வேன், ஆனால் வரலாம்த்தா, இருங்கத்தா என்ற இரண்டு வார்த்தை மட்டும் எனக்குத் தடங்கல் இல்லாமல் வரும். உலகத்தில் நான் சத்தமாகப் பேசியது அது மட்டும்தான்.

அந்தப் பொம்மைக்குப் பிறகு நான் அத்தாவையே பார்க்க ஆரம்பித்தேன். சிக்னல் விழுந்துச்சா என்று என்னைக் கேட்டார், முன்பெல்லாம் கேட்க மாட்டார். இடது பக்கம் அவர் பக்கம், அதைப் பற்றியும் கேட்டார். கேட்கக் கேட்க நான் சொல்லிக்கொண்டே வந்தேன். பிறகு ஒரு நாள் தவளக்குப்பத்தில் ஒரு வீட்டில் விசேஷம் முடிந்து திரும்பினோம். ஜங்ஷனில் ஓரமாக ஒரு அம்மா பூக்கூடை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், இடது பக்கம்தான், அத்தாவுக்கு நேராகத் தெரிய வேண்டிய இடம். நான் எதிரே லாரி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சடக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அத்தா, “என்னா, பள்ளமா?” என்றார். கண்ணாடியில் பார்த்தேன், கூடை கவிழ்ந்து கனகாம்பரம் ரோடெல்லாம் கிடந்தது. அந்த அம்மாவுக்கு ஒன்றும் இல்லை, எழுந்து நின்று, “பளபளன்னு வண்டி வச்சிக்கினா போதுமா, கண்ணு என்னா பொடனியிலயா இருக்கு?” என்று கத்தினார். யாரைத் திட்டுகிறார்கள் என்று அத்தா கேட்டார். நான், பின்னாடி வர்ற பைக்கத்தா என்றேன்.

அந்தப் பொய் எனக்கு ஒரு வாரம் சோறு இறங்க விடவில்லை. அந்தக் கூடை இருந்த இடத்தில் அந்த அம்மாவின் காலும் இருந்தது. அத்தாவுக்குக் கண் தெரியவில்லை என்பது அத்தாவுக்கே சரியாகத் தெரியாமல் போனதற்குக் காரணம் நான்தான், அண்ணா. வேறு எந்தக் காராக இருந்தாலும் எப்போதோ சுவரில் உரசி உண்மை வெளியே வந்திருக்கும். இந்த வண்டியில் கேட்பதும் சொல்வதும் வழக்கம் என்பதால் அவரும் கேட்டார், நானும் சொன்னேன்.

கடைசியில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா, ஊர்வலம் முடியட்டும், ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் சொல்லலாம், ஒரு மாசமா அந்த வெள்ளைச் சட்டையை எத்தனை தடவை இஸ்திரி போட்டு மாட்டியிருக்கார் பாரு என்றார். நீயும் அன்றைக்கு இரவு போனில், வேலை செய்கிற இடத்தில் எல்லாருக்கும் காட்டப் போகிறேன், அத்தா முதல் வண்டி என்று சொல்லிவிட்டேன் என்றாய். அதைக் கேட்டு அத்தா சிரித்த சிரிப்பில் நான் சொல்ல நினைத்தது உள்ளே போய்விட்டது.

ஞாயிறு காலை கடற்கரைச் சாலையில் நாற்பது பழைய வண்டிகள். இரண்டு பக்கமும் ஜனம், கயிறுகூடக் கட்டவில்லை, குழந்தைகளைத் தோளில் வைத்துக்கொண்டு கார் மேல் வந்து விழுகிறார்கள். கன்னியப்பன் அண்ணன் தன் ஆட்கள் நாலு பேரோடு வந்து கூட்டத்துக்கு முன்னால் ஓரமாக நின்றார். மைக்கில், புதுச்சேரியின் பெருமை, அப்துல் முத்தலிப் பாயின் பேஜோ என்று சொன்னதும் எல்லாரும் போனைத் தூக்கினார்கள். அத்தா நெற்றியில் விரல் வைத்து எல்லாப் பக்கமும் சலாம் சொன்னார். கொடி இறங்கியது. “வரலாமா இஷ்ரத்?” என்றார்.

நான் சொல்லவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அத்தா மறுபடியும் கேட்டார். “எதுர்ல யாரு நிக்கிறாங்க, நீங்களே பாத்து சொல்லுங்கத்தா” என்றேன். அவர் தலையை முன்னால் நீட்டிப் பார்த்தார். “வெள்ளச் சட்ட போட்டு ஒருத்தரு நிக்கிறாரே, அவரு நகரட்டும்” என்றார். அங்கே யாரும் இல்லை, வண்டிகளைத் திருப்பிவிட வைத்த வெள்ளைப் பீப்பாய் ஒன்றுதான் இருந்தது. நான் ஆமாத்தா என்று சொல்லாமல் அவரையே பார்த்தேன். அவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தார். மைக் பிடித்தவர் ஓடி வந்ததும், “வண்டி சூடாயிடுச்சி, கார்புரேட்டர்ல அடைப்பு” என்றார். முப்பது வருஷமாக அந்த வண்டியை யாரும் ஒரு குறை சொல்ல விடாதவர், தானே சொன்னார்.

வண்டியைக் கன்னியப்பன் அண்ணன்தான் வீட்டுக்கு ஓட்டி வந்தார், நான் வலது பக்கம் இருந்து வரலாம், இருங்க சொன்னேன். ஆட்டோவில் ஹேண்டில் பிடித்தவருக்கு இந்த ஸ்டீரிங் பிடிபடவில்லை, நாங்கள் நடக்கிற வேகத்தில்தான் வந்தோம். அத்தா பின்னால் உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலையில் டீ குடித்துக்கொண்டே, கண்ணாஸ்பத்திரி எத்தன மணிக்குத் தொறப்பான் என்று அவரே அம்மாவைக் கேட்டார். இரண்டு கண்ணிலும் புரை, வலது கண் முற்றிவிட்டதாம். அடுத்த மாதம் பதினாறாம் தேதி ஆபரேஷன். டாக்டரிடம் அத்தா கேட்டது ஒரே கேள்வி, அதற்கப்புறம் ஓட்டலாமா என்று. ஆறட்டும், பார்த்துச் சொல்கிறேன் என்றார் டாக்டர். தெருவில் யார் விசாரித்தாலும் அத்தா இன்னும் கார்புரேட்டர் என்றுதான் சொல்கிறார், நாங்களும் அப்படியே சொல்கிறோம். வண்டிக்கு உறை போட்டிருக்கிறது. காலையில் உறையை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி போடுகிறார், துடைக்கும்போது கையால் தடவித் தடவிப் பார்க்கிறார்.

அம்மா மீனைக் குழம்பில் போட்டுவிட்டு வந்துவிட்டார், இனி அவர் சொல்வது. மகனே, போனில் அத்தாவிடம் வண்டியைப் பற்றிக் கேட்காதே, கோபப்படாதே. அந்தச் சாமானை வாங்கியிருந்தால் அங்கேயே வை, அனுப்பினால் அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வார். கண் ஆபரேஷன் என்று அவரே உன்னிடம் சொல்லும்வரை உனக்குத் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளாதே, சொன்னால் பதினாறாம் தேதிக்கு முன்னே வரப் பார். உனக்கு லீவு கிடைக்கவில்லை என்றாலும் குற்றமில்லை, நாங்கள் பார்த்துக்கொள்வோம். குளிரில் ஸ்வெட்டரோடு தலைக்கும் ஏதாவது கட்டு, தொழுகையை விடாதே. அல்லாஹ் உன் ரிஸ்கில், சம்பாத்தியத்தில் பரக்கத் செய்வானாக, உன்னை நல்ல ஆரோக்கியத்தோடு எங்கள் கண்ணில் காட்டுவானாக.

உன் அம்மா
சுரையா

அண்ணா, இதற்குக் கீழே எழுதுவது நான் மட்டும். அத்தா வண்டியை அணைத்ததும், யாரோ “தள்ளுங்கடா, பழய இரும்பு” என்று சொல்லி எல்லாரும் சிரிப்பதோடு நீ பார்த்த வீடியோ முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் அத்தா இறங்கவில்லை. இரண்டு கையையும் ஸ்டீரிங்கில் வைத்து, முதுகை நேராக வைத்துக்கொண்டு, யார் சிரிக்கிறார்கள், யார் சலாம் சொல்கிறார்கள் என்று தெரியாமல் எல்லாருக்கும் நெற்றியில் விரல் வைத்துக்கொண்டே இருந்தார். நான் என் பக்கத்துக் கதவைத் திறந்து இறங்கினேன். துப்பட்டா நழுவியதைச் சரிசெய்யக்கூட நிற்கவில்லை. அத்தனை போனுக்கும் முன்னால், பானெட்டைச் சுற்றி நடந்து போய், அத்தா பக்கத்துக் கதவைத் திறந்து, கையை நீட்டினேன்.