நான்காவது கோரிக்கை

ஜூன் 3, செவ்வாய்

பெரிய குழாய் ஒன்று உடைந்து இன்று அறுபத்தொரு புகார். தண்ணீர் அலுவலகத்தின் புகார் கவுண்ட்டரில் உட்காருகிறவளுக்கு வாய் தேவையில்லை, காது போதும். ஒருவர் தண்ணீர் வராத கதையோடு மருமகள் கதையையும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போனார். ஊரே என்னிடம் வந்து கொட்டுகிறது. பெற்ற மகள் மட்டும் வாயைத் திறப்பதில்லை.

மூன்று மணிக்குப் பள்ளியிலிருந்து போன். கணக்குப் பரீட்சைக்கு மணி அடித்ததும் மகள் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாளாம். இரண்டு பீரியட். இது மூன்றாம் தடவை. அடுத்த முறை ஒழுங்கு நடவடிக்கை என்றார் வகுப்பாசிரியை. பயத்தில் நடுங்குகிற பிள்ளைக்கு ஒழுங்கு நடவடிக்கையா? நல்லவேளை, போனில் சொன்னார். நேரில் சொல்லியிருந்தால் நான் என்ன பேசியிருப்பேனோ.

வீட்டில் கேட்டேன். என்னடி ஆச்சு? "ஒண்ணுமில்ல." சாப்பிட்டியா? "ம்."

இவளுக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் வாயாடி. பள்ளிவிட்டு வந்ததும், தோளில் பை இருக்கும்போதே ஆரம்பித்துவிடுவாள். பத்து நிமிஷம் வாயை மூடுடி, நிம்மதியா ஒரு டீ குடிச்சுக்கறேன் என்பேன். எத்தனை நாள் சொல்லியிருப்பேன்! இப்போது மூடிக்கொண்டாள். நான்கு மாதமாகிறது.

ஜூன் 5, வியாழன்

பள்ளி வாசலில் டாக்சி ஓட்டுகிறவரைப் பார்த்தேன். மகளோடு படிக்கும் பையனின் அப்பா. அவர் மகன் தன் கையைத் தானே கடித்துக்கொள்கிறானாம். அதே வகுப்பில் பெண் படிக்கும் பல் டாக்டரம்மாவும் வந்து சேர்ந்துகொண்டார். அவர் பெண்ணுக்குத் தூக்கமே இல்லை. வெளியில் சொல்லாமல் ஆளுக்கொரு மூட்டையைச் சுமந்துகொண்டு தினமும் ஒருவருக்கொருவர் சிரித்துவிட்டுப் போயிருக்கிறோம்.

இந்தப் பள்ளியில் ஓட்டப்பந்தயம் சொல்லித்தர இரண்டு பேர். முழங்கால் சிராய்த்தால் மருந்து போட ஒரு நர்ஸ். மனசுக்கு? ஒருவரும் இல்லை. மனநல ஆலோசகர் ஒருவர் வேண்டும் என்று மனு கொடுப்பது என்று முடிவாயிற்று. எழுதுகிற வேலை என் தலையில். வருகிற புகாரை மனுவாக எழுதுவதுதானே என் பிழைப்பு.

ஜூன் 8, ஞாயிறு

எழுதி முடித்தேன். முழுநேர ஆலோசகர், கதவுள்ள தனி அறை, பரீட்சை பயத்துக்குத் தண்டனை கூடாது. மூன்று கோரிக்கை. என் வீட்டுக்காரர் வேலை செய்யும் அச்சகத்திலேயே அதை அடித்துக்கொண்டு வந்தார்.

கையெழுத்துக்குப் போனால் பாதிப் பேர் தயங்குகிறார்கள். பிள்ளை அங்கே போய் என்ன சொல்லுமோ, வீட்டு விஷயம் வெளியே போய்விடுமோ என்று பயம். அப்போதுதான் நான்காவது கோரிக்கையைச் சேர்த்தேன்: மேற்படி சந்திப்பு ஒவ்வொன்றிலும் மாணவர் தெரிவிக்கும் விவரங்கள் பெற்றோருக்கு எழுத்து மூலம் அனுப்பப்பட வேண்டும். எங்கள் அலுவலகத்தில் எந்தப் புகாருக்கும் சம்பந்தப்பட்டவருக்கு ஒரு நகல் போகாமல் இருக்காது. கை பழக்கத்தில் எழுதிவிட்டது.

கை பழக்கமா? இங்கேயாவது உண்மையைச் சொல்லு. அவள் பேசுவது ஒரு காகிதத்திலாவது எனக்கு வந்து சேராதா என்று ஆசை.

ஜூன் 9, திங்கள்

ஒரே நாளில் நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. நான்காவதைப் படித்துவிட்டு எல்லோரும் பேனா கேட்டார்கள்.

ஜூன் 17, செவ்வாய்

தலைமையாசிரியையின் அறையில் ஒன்றரை மணி நேரம். பிள்ளைகளிடமிருந்து போனைப் பிடுங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆரம்பித்தார். பல் டாக்டரம்மா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். டாக்சிக்காரர்தான் பேசினார். மகன் கையில் உள்ள தழும்புகளைப் பற்றி, குரலை உயர்த்தாமல்.

ஒப்புக்கொண்டார்கள்! அடுத்த மாதம் முதல் ஆலோசகர். நான்காவது கோரிக்கை மட்டும் மிக நல்ல யோசனை என்று தலைமையாசிரியை தனியாகப் பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்து இவரிடம் அதை இரண்டு தடவை சொன்னேன்.

ஜூலை 2, புதன்

ஆலோசகர் வந்துவிட்டார். மாடியில் மூலை அறை. கதவு இருக்கிறது. மகளிடம் சாதாரணமாகச் சொல்வதுபோலச் சொன்னேன். "ம்."

ஜூலை 14, திங்கள்

ஆலோசகர் எங்கள் மூவரையும் கூப்பிட்டார். சின்ன வயதுப் பெண்தான். வருகைப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். வெள்ளைத் தாள். எட்டு நாளில் ஒரு பிள்ளைகூட உள்ளே வரவில்லை.

விதிகளைக் கதவில் ஒட்டியிருக்கிறார்கள். நான்காவதும் அதில் இருக்கிறது. ஒரு பெண் மூன்று நாள் வாசல்வரை வந்தாளாம், நின்று படித்தாளாம், திரும்பிவிட்டாளாம். எந்தப் பெண் என்று கேட்டேன். "அதைச் சொல்ல மாட்டேங்க" என்றார்.

சொல்லவே வேண்டாம். என் மகள்தான்.

ஜூலை 15, செவ்வாய்

கேட்டேவிட்டேன். ஏன்டி போகல?

"அங்க பேசினா உனக்கு லெட்டர் வரும். அதுக்கு உங்கிட்டயே பேசலாமே."

அப்போ பேசேன்டி என்று வாய்வரை வந்தது. அஞ்சு மாசத்துல இவ பேசின பெரிய பேச்சே இதுதான். அதைப் போய் கெடுப்பேனா? யாரோ ஒரு அம்மா எழுதிக் கொடுத்த விதியாம் அது, அதையும் அவளே சொன்னாள். அந்த அம்மா எதிரில் குத்துக்கல் மாதிரி நின்றுகொண்டிருந்தேன். நான்தான் என்று ஏன் சொல்லவில்லை? கோழை.

ஜூலை 16, புதன்

கவுண்ட்டரில் யாரோ கத்தினார். காதில் விழவே இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

கையெழுத்துப் போட்டவர்களைத் தேடிப் போய், நான்காவதை எடுத்துவிடலாம் என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். நீதானே எழுதினாய் என்று முகத்துக்கு நேரே கேட்கிறார்கள். பல் டாக்டரம்மாவோடு சண்டையே வந்துவிட்டது. தன் பெண் என்ன சொல்கிறாள் என்று தனக்குத் தெரிய வேண்டாமா என்கிறார். எனக்கு மட்டும் வேண்டாமா? அவரைவிட எனக்கு வெறி. ஒரு சொல் கிடைத்தால்கூட மடியில் வைத்துக் காப்பாற்றுவேன்.

டாக்சிக்காரர்தான் முடித்து வைத்தார். "என்கிட்டதான் சொல்லணும்னு இல்லைங்க. யார்கிட்டயாவது அவன் சொன்னாப் போதும்." பல் டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு புது மனுவில் முதல் கையெழுத்துப் போட்டார்.

ஜூலை 25, வெள்ளி

நான்காவது கோரிக்கை போயிற்று. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் பெற்றோரிடம் சொல்வார்கள். மற்றதெல்லாம் அந்த அறையோடு சரி. இவ்வளவு நல்ல விதியை யார் மாற்றச் சொல்கிறார்கள் என்று தலைமையாசிரியை கேட்டார். எழுதினவளும் நான்தான், மாற்றச் சொல்கிறவளும் நான்தான் என்று எழுந்து நின்று சொன்னேன். காது சுட்டது.

வேறு யாரும் சொல்வதற்குள் நானே சொல்லிவிட வேண்டும் என்று சாயங்காலம் சமையலறையில் மகளிடம் சொன்னேன். அந்த விதியை எழுதினது நான்தான்டி. எடுக்கச் சொல்லிட்டேன்.

தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"தெரியும். வேற யாரு 'மேற்படி'ன்னு எழுதுவா?"

அப்படியானால் அன்றைக்கே தெரிந்துதான் பேசியிருக்கிறாள். மன்னிச்சிடுடி என்றேன். கடைசித் தட்டுவரை துடைத்துவிட்டுத்தான் போனாள்.

ஜூலை 29, செவ்வாய்

"நாளைக்கு மூணாவது பீரியட் போறேன். என்னன்னு கேக்காத."

கேட்க மாட்டேன்.

ஜூலை 30, புதன்

பத்தரை மணிக்குக் கவுண்ட்டரில் எனக்கு எதிரே ஆள் நிற்கிறார், நான் கடிகாரத்தைப் பார்க்கிறேன். இப்போது மாடிப்படி. இப்போது கதவு. இப்போது உட்கார்ந்திருப்பாள். முதல் வார்த்தை என்னவாக இருக்கும்? என்னைப் பற்றியா? என்னைத் திட்டித்தான் ஆரம்பிப்பாளோ? திட்டட்டும்.

ஐந்து மணிக்கு வந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. நான் கேட்கவில்லை. இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

ஆகஸ்ட் 21, வியாழன்

ஆலோசகரோடு நான்கு சந்திப்பு முடிந்தது. பரீட்சை நாளிலும் வகுப்பில் உட்கார்ந்திருந்தாளாம். பாதித் தாள்தான் எழுதினாள், ஆனால் உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் அறைக்குள் யாரோ தோழியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். கதவு சாத்தியிருந்தது. இவர் கூடத்தில் டிவியைப் போட வந்தார். கையைப் பிடித்து நிறுத்தினேன். ஒரு வார்த்தையும் புரியவில்லை. குரல் மட்டும் வந்தது, நடுவில் ஒரு சிரிப்பு.

என்ன சொன்னாள்? எதற்குச் சிரித்தாள்? எனக்குத் தெரியாது. தெரிந்தால் போதும் என்று உயிர் துடிக்கிறது. கதவு பத்தடி தூரம்தான்.

நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.