ஓம் என்றதால் வந்த வினை

ஸ்காபரோ,
ஐப்பசி வெள்ளி.

அன்பு மகன் ஜெனோசனுக்கு,

பிள்ளையாரின் புண்ணியத்தில் இங்கே எனக்கு இரத்த அழுத்தம் உட்பட எல்லாம் உயர்வாகவே இருக்கிறது. அழுத்தத்தை விட்டு மற்றதெல்லாம் உனக்கும் உயர வேண்டுமென்று கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் பேர்த்தில் நீ எந்த நேரமும் மீற்றிங்கில் இருக்கிறாய், "அம்மா, சுருக்கமாச் சொல்லுங்கோ" என்பாய், இது சுருங்காது.

பக்கத்து அப்பார்ட்மென்ற் மர்செலினாவை உனக்குத் தெரியாது, நீ இந்தப் பக்கம் வந்து நாலு வருசம், எப்படித் தெரியும். எல் சல்வடோர்காரி, எங்களைப் போலச் சண்டைக்கு ஓடி வந்தவள், எழுபத்தொன்பது வயது, சீனி வருத்தம், முழங்கால் மடங்காது. ஒரே மகள் கல்கரியில், போன் நம்பர் மாறியதைத் தாய்க்குச் சொல்ல மறந்துபோன கெட்டிக்காரி. மர்செலினாவுக்கு ஸ்பானிஷ் தவிர ஒன்றும் வராது, என் இங்கிலீஷ் கடை விளம்பரங்கள் படித்துத் தேடிக்கொண்ட இங்கிலீஷ், ஆனாலும் காலையில் சீனி பார்க்கிற மெசினை அவள் நீட்ட நான் இலக்கத்தைக் கொப்பியில் எழுதி வைப்பேன், இலக்கத்துக்கு மொழி வேண்டாம். என் பெயரில் ராணி அவள் வாயில் நிற்கவில்லை, "யோகா, யோகா" என்று கூப்பிடுவாள், லிப்டுக்குள் நிற்கிற சனம் நான் வகுப்பு நடத்துகிறேன் என்று நினைக்கிறது.

ஆவணியில் குளியலறையில் விழுந்தாள். என்ன உதவி வேண்டுமென்று கேட்டு எழுத அரசாங்க ஒபிசிலிருந்து ஒரு பிள்ளை வந்தாள். மொழிபெயர்ப்பாளரைப் போனில் தேடினாள், அரை மணித்தியாலம் பாட்டுத்தான் கேட்டது, நல்ல பாட்டு. பிறகு என்னைப் பார்த்து, ஆள் வந்து உதவினால் இவ இங்கேயே இருப்பாவா, அல்லது ஹோமா என்று கேட்டிருக்கிறாள். வயதானவர்களைக் கொண்டுபோய் விடுகிற இடத்துக்கு இங்கே ஹோம் என்றுதான் பெயர், வீட்டை விட்டுக் கிளப்புகிற இடத்துக்கு வீடு என்றே பெயர் வைத்த மூளையை மெச்ச வேண்டும். எனக்கு விளங்கியது ஆள் வந்து உதவுகிற பாதி மட்டும். ஆமென்று சொல்கிற நினைப்பில் "ஓம், ஓம்" என்றேன், அவள் திரும்பக் கேட்க இன்னும் அழுத்தி "ஓம்" என்றேன். அவள் எழுதினாள். நான் தலையாட்டினதைப் பார்த்து மர்செலினா கையெழுத்து வைத்தாள்.

மூன்று கிழமையில் கடிதம் வந்தது. ஒஷாவாவில் ஒரு ஹோமில் இடம் இருக்கிறதாம், வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். அங்கே இவளோடு ஸ்பானிஷில் ஒரு வார்த்தை பேச யார் இருக்கிறார்கள்? ஞாயிறு பஸ் ஏறி ஸ்பானிஷ் பூசைக்குப் போவதுதான் இவள் எடுக்கிற குளிசைகளில் பெரிய குளிசை. "நோ, யோகா, நோ" என்று என் கையைப் பிடித்தாள், அந்தச் சொல் மட்டும் எல்லாருக்கும் ஒரே மாதிரி விளங்குகிறது. ஒபிசுக்குப் போன் எடுத்தால், நீங்கள்தானே மூன்று தரம் ஹோம் என்றீர்கள் என்று அந்தப் பிள்ளை தான் எழுதினதை வாசித்துக் காட்டினாள். உன் அப்பா கதிரையில் இருந்தபடி, "நாப்பது வருசத்தில எனக்கு ஒருக்காலும் சொல்லாத ஓமை அங்கை போய் மூண்டு தரம் சொல்லியிருக்கிறாய்" என்று சிரித்தார். சிரிக்கிற விசயமா? என் வாயால் ஒரு மனிசி பேச்சுத்துணை இல்லாத ஊருக்குப் போகப் பார்த்தாள், எனக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளையாருக்கு மூன்று தேங்காய் நேர்ந்தேன், அவள் மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றினாள், எது பலித்ததோ தெரியாது, நான் ஒன்பது தரம் போன் எடுத்த பிறகு புதன்கிழமை அந்தப் பிள்ளை திரும்ப வந்தாள்.

இந்த முறை மொழிபெயர்ப்பாளர் போனில் கிடைத்தார். "நீ வாயைத் திறந்தால் அந்த ஒஷாவாக் கட்டில் உனக்குத்தான்" என்று அப்பா சொல்லி அனுப்பியதால் நான் சோபாவில் சிலைபோல இருந்தேன். மர்செலினா இரண்டு மாதப் பேச்சையும் ஒரு மூச்சில் பேசினாள். ஒஷாவா ரத்து, கிழமைக்கு மூன்று நாள் காலையில் குளிப்பாட்ட ஆள் வரும் என்று முடிவாயிற்று. வந்தது யாரென்றால் அன்ரனெற் என்ற எங்கள் தமிழ்ப் பிள்ளை. நான் கதைத்ததைக் கேட்டு மர்செலினாவின் மொழி தமிழ் என்று முதல் நாளே பதிந்துவிட்டார்களாம், எவ்வளவு கவனம் பார். நல்லகாலம் இரண்டுபேரும் வேதக்காரர், ஆளுக்கொரு மொழியில் ஒரே செபமாலையை உருட்டுகிறார்கள்.

அந்தப் புதன்கிழமை படிவத்தில், கிட்டின உறவு யார் என்ற கேள்விக்கு மர்செலினா என்னைக் காட்டினாள். என்ன முறை என்று கேட்க, "கொமாத்ரே" என்றாள். ஒரு பிள்ளைக்கு இரண்டு தாய் என்றால் அந்தத் தாய்மார் ஒருவருக்கொருவர் அந்த முறையாம். எந்தப் பிள்ளை என்று நான் வாய்ப்பூட்டைக் கழற்றிக் கேட்டேன். அவள் பிரிட்ஜ் கதவைக் காட்டினாள், மாதா படத்துக்குப் பக்கத்தில் நீ, போன வருசம் நான் கொடுத்த படம். ஒவ்வொரு நாளும் உனக்காகவும் செபிக்கிறாளாம். ஒரு தாய்க்கே நேரமில்லாதவனுக்குக் கடவுள் இன்னொருத்தியையும் தந்திருக்கிறார், அவருக்கும் பகிடி தெரியும்.

நேரத்துக்குச் சாப்பிடு, சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வை, திருநீற்றை மறவாதே. பிள்ளையாரும் மாதாவும் உன்னைப் பங்குபோட்டுக் காக்கட்டும். மார்கழியில் வருவாயா என்று கேட்டதற்குப் "பாப்பம்" என்றாய். பாப்பம் என்பது எந்தப் படிவத்திலும் ஏறாது, மகன். ஓம் என்று சொல், நான் பிழையாகக் கேட்கமாட்டேன்.

இப்படிக்கு,
உன் இரண்டு தாய்மாரில் தமிழ் பேசுகிறவள்,
யோகராணி