மூக்கியின் மூக்கு

ஜனவரி 8

அன்புத் தம்பி உருண்டைக்கு,

போனில் சொன்னால் நீ கத்துவாய், நான் அழுவேன். அதனால்தான் கடிதம். போன மாதம் பேக்கரி வேலையின்போது இரண்டு பேர்மேல் ரொட்டித் தட்டோடு மோதினேன். நேரே இருப்பது தெரிகிறது, பக்கவாட்டில் வருவது தெரியவில்லை. கண்ணாடி மாற்றப் போன இடத்தில் தலையை ஸ்கேன் எடுக்க அனுப்பிவிட்டார்கள். மூக்குக்குப் பின்னால், மூளைக்கு அடியில் ஒரு கட்டி. புற்றுநோய் இல்லையாம். ஆனால் கண் நரம்பை அழுத்துகிறதாம்.

மண்டையைத் திறக்க வேண்டாமாம். மூக்குத் துளை வழியாகவே கேமராக் குழாயை விட்டு எடுத்துவிடுவார்களாம். "மூக்கு டாக்டரும் மூளை டாக்டரும் சேந்து பண்ணுவோம், பயப்படாதீங்க" என்றார் ஒருவர். வாசனை போனாலும் பெரும்பாலும் திரும்பிவிடுமாம். பெரும்பாலும்! ரொட்டி வெந்ததை நான் என்றைக்குக் கண்ணால் பார்த்திருக்கிறேன்? வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். திட்டாதே.

உன் அக்கா,
மூக்கி


ஜனவரி 15

அருமை மூக்கிக்கு,

திட்டத்தான் எழுதுகிறேன். ரொட்டி வெந்ததைச் சொல்ல ஒரு கடிகாரம் வாங்கிக்கொள்ளலாம். கண்ணுக்கு என்னத்தை வாங்குவது? பக்கத்தில் லாரி வந்தால் மோப்பம் பிடித்தா ஒதுங்குவாய்? லாரி மெக்கானிக் சொல்கிறேன், பிரேக் பிடிக்காமல் ஓடுகிற வண்டிகள் எக்கச்சக்கம்.

ஒளித்துத் தின்ற மிட்டாயை, வாயை ஊதச் சொல்லிக் கண்டுபிடித்து, அம்மாவிடம் என்னை மாட்டிவிட்ட மூக்கு அது. போனால் எனக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் எனக்கு அக்கா வேண்டும். நாள் குறி, லீவு போட்டு வருகிறேன். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, மூக்கி.

உருண்டை


மார்ச் 2

உருண்டைக்கு,

ஆபரேஷன் முடிந்து நீ கிளம்பியதிலிருந்து வீடு வெறிச்சென்று கிடக்கிறது. கண் நன்றாகத் தெரிகிறது. நீ சொன்னதுதான் சரி, போதுமா? மூக்கைச் சிந்தக் கூடாது, குனியக் கூடாது, தும்மினால் வாயைத் திறந்துதான் தும்ம வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே போட்ட அடைப்பு பிய்ந்துவிடுமாம். தும்மல் சத்தம் கேட்டாலே உன் மாமா "வாயத் திற, வாயத் திற" என்று ஓடிவருகிறார்.

வாசனைதான் வரவில்லை. காபிப்பொடி, சோப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் முகர்ந்தாயிற்று. நேற்று அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே ஒரு தட்டு ரொட்டியைக் கரியாக்கினேன். உன்மேல் கோபமில்லை. கொஞ்சம் இருக்கிறது.

மூக்கி என்று போடக் கை வரவில்லை.
அக்கா


மார்ச் 10

மூக்கிக்கு,

அப்படித்தான் கூப்பிடுவேன். இத்துடன் ஒரு பார்சல். ஒரு வாரம் பட்டறையில் கழற்றாமல் போட்ட காலுறை. துவைக்கவில்லை. இதுவும் உனக்குத் தெரியவில்லை என்றால் எழுது. வேலையை விட்டுவிட்டு வந்து, உன் அடுப்படியில் உட்கார்ந்து, உனக்கு மூக்காக இருக்கிறேன். விளையாட்டில்லை.

உருண்டை


மார்ச் 29

என் தங்கத் தம்பிக்கு,

பார்சல் வந்த அன்றே முகர்ந்தேன். ஒன்றுமில்லை. அதை உனக்கு எழுத மனசு வராமல்தான் பதில் போடவில்லை. மாமா தூக்கி எறியப் போனார், நான் விடவில்லை, அலமாரியில் வைத்துக்கொண்டேன். தினமும் எடுத்து முகர்ந்து பார்ப்பேன்.

இன்று காலை அலமாரியைத் திறந்தேன். சீ! மனுஷன் கால்தானா அது? முதலில் கிரீஸ். அப்புறம் டீசல். அதற்கும் அடியில், சின்ன வயதில் விளையாடிவிட்டுக் கால் கழுவாமல் என் பக்கத்தில் வந்து படுப்பாயே, அந்த நாற்றம். மூக்கு அதை மறக்கவேயில்லை.

வேலையை விடாதே, அங்கேயே இரு. காலுறையைத் திருப்பித் தரமாட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதேன். மாமா பதறிப்போய், "சிந்தாத, மூக்கச் சிந்தாத!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார்.

சிந்தவில்லை. வழியட்டும் என்று விட்டுவிட்டேன்.

உன்
மூக்கி