பெஞ்சில் மறந்த கண்ணாடி

அன்புள்ள அப்பாவுக்கு,

முட்டிவலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை எப்போதும்போல.

அம்மா போனபின் முதல்முறையாகப் போன ஞாயிறு இங்கே சர்ச்சுக்குப் போனேன். ஜெபம் முடிந்ததும், நம் சர்ச்சில் அம்மா செய்வாளே, அதேமாதிரி பெஞ்சு பெஞ்சாகக் குனிந்து, யாராவது எதையாவது மறந்துவிட்டார்களா என்று தேடினேன். ஒரு மூக்குக்கண்ணாடி கிடைத்தது. வெளியே ஓடி, பஸ் நம்பரைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் கொடுத்தேன். என் செருப்பு அறுந்ததோடு சரி. "யாரு பெத்த பிள்ளையோ!" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

கிடைப்பதைப் போட்டு வைக்க, அம்மாவின் பச்சைத் துணிப்பையை யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள்.

இப்போதெல்லாம் சர்ச்சுக்கு நீங்கள் குடையே எடுத்துப்போவதில்லையாமே, தங்கச்சி சொன்னாள். எடுத்துப்போங்கள் அப்பா. வழக்கம்போல அங்கேயே மறந்துவிட்டு வாருங்கள். அம்மா எடுத்துவந்ததுபோல, இனி தங்கச்சி கொண்டுவருவாள்.

வேலை வண்டி வந்துவிட்டது.

உங்கள் மூத்தவன்