மயிலின் தலை உன் வீட்டில் இருக்கிறது

பெரிய காஞ்சிபுரம்,
மாசி 24

அன்புள்ள இளவரசிக்கு அப்பா எழுதுவது.

என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாரும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே முழங்கால் உட்பட நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நேற்றுத்தானே பேசினோம், எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ சிரிப்பாய், நானும் சிரித்துவிடுவேன், விஷயம் பாதியில் நின்றுவிடும். என்னோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த கலியாணசுந்தரம் வியாழக்கிழமை மெல்போர்னுக்கு மகனைப் பார்க்க வருகிறார். இதை அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். மூன்று வாரம் கழித்து அவர் திரும்பும்போது, பொங்கல் முடிந்து நான் உனக்கு அனுப்பிய சுவர் அலங்காரத்தை அவரிடம் கொடுத்துவிட வேண்டும். ஏன் என்று சொல்கிறேன், நிதானமாகப் படி.

உங்கள் ஊரில் ஜனங்கள் வேண்டாத சாமான்களைக் கொண்டுபோய்க் கொடுக்கும் கடை உண்டு, அங்கே ஒரு மேஜை விளக்கை வாங்கிப் பெயிண்ட் அடித்தேன் என்று போன வருஷம் படம் அனுப்பினாய் அல்லவா, அதிலிருந்துதான் எனக்கும் பிடித்துக்கொண்டது. வாரத்துக்கு ஒருமுறை ஷேர் ஆட்டோ பிடித்து ஐயம்பேட்டை காயலான் கடைக்குப் போய்விடுவேன். நசுங்கிய பால் கேன் இப்போது வாசலில் குடை வைக்கும் ஜாடி. துருப்பிடித்த டீத்தட்டு கடிகாரமாகிவிட்டது, மணிதான் கொஞ்சம் பிந்துகிறது. நீயும் இந்த வேலை செய்வதால் ஒன்று சொல்கிறேன், துருவைத் தேய்க்காமல் பெயிண்ட் அடிப்பது கூட்டல் தெரியாத பிள்ளைக்குப் பெருக்கல் சொல்லிக்கொடுப்பது போல, முதலில் நன்றாகத்தான் இருக்கும், மழைக்காலம் வந்தால் உரிந்துவிடும். முதல் பூச்சு காயாமல் இரண்டாவதைத் தொடாதே. அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. நான் கொஞ்ச நேரம் ஒரே எடத்துல குந்திக்கினு இருந்தா என் மேலயும் ரெண்டு கோட்டிங் அடிச்சிடுவாரு என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள்.

போகி முடிந்த மறுவாரம் அந்தக் கடையில் ஒரு பழைய துண்டில் கட்டிய ஜக்கார்டு அட்டைகள் கிடந்தன. தறிக்கு மேலே பெட்டியில் ஓடுமே, ஓட்டை போட்ட அட்டைகள், ஒன்றன்கீழ் ஒன்றாகக் கயிற்றில் கோத்து ஏணி மாதிரி தொங்கும், உனக்குத் தெரிந்ததுதான். பார்த்ததும் உன் வீட்டுச் சுவர் நினைவுக்கு வந்தது. நாற்பது அட்டைகளை ஒரு முனையிலிருந்து வெட்டி எடுத்து, மேடு பள்ளம் தெரியக் கூடாதென்று இரண்டு பக்கமும் பட்டிப் பசை பூசி, தேய்த்து, ஒன்று நீலம் ஒன்று மஞ்சள் என்று அடித்து அனுப்பினேன். நீயும் சூப்பர்ப்பா என்று எழுதியிருந்தாய்.

சென்ற செவ்வாய்க்கிழமை அடுத்த தெருவில் தறி போட்டிருக்கும் முனிரத்தினத்தின் மனைவி ரேணுகாம்பாள் வந்தாள். முகம் சரியில்லை. போகிக்குப் பரணை ஒழித்தபோது உதவாத அட்டைகள் என்று இரண்டு மூட்டையைக் காயலான் கடைக்குப் போட்டிருக்கிறார்கள். அதில் ஒன்று மாறிப் போய்விட்டது. கடைக்காரர்தான் என்னைச் சொல்லியிருக்கிறார். சார், எங்க அட்டைய நீங்க வாங்கினு வந்தீங்களாமே, இருக்குதா சார் என்று கேட்டாள். மிச்சம் இருந்ததை எடுத்துக் கொடுத்தேன். நாற்பது அட்டை கதையையும் சொன்னேன். அவள் மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சாயங்காலம் முனிரத்தினம் வந்துதான் விவரம் சொன்னார். அது ரேணுகாம்பாளின் முகூர்த்தப் புடவைக்கு அவரே போட்ட பார்டர், மயில் பார்டர். மகள் தேவிப்ரியா சிறுபிள்ளையாக இருந்தபோது ஆஸ்பத்திரியில் கிடந்தாளே, அப்போது அந்தப் புடவையைச் செலவுக்காகச் சரிகை விலைக்குப் போட்டுவிட்டார்கள். அட்டை மட்டும் மிஞ்சியது. வைகாசியில் தேவிப்ரியாவுக்குக் கல்யாணம், அதே பார்டரைத் தறியில் ஏற்றத்தான் மூட்டையைத் தேடியிருக்கிறார்கள். நான் திருப்பிக் கொடுத்த அட்டைகளை அவர் கையோடு கொண்டுவந்து வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். மயிலுக்கு வாலும் உடம்பும் இருக்கின்றன, கழுத்துக்கு மேலே இல்லை. வேறு மயிலின் தலையை வைக்கலாமா என்று கேட்டேன். இது திரும்பிப் பாக்குற மயில் சார், வேற தலைய வச்சா எங்க வீட்டுக்காரி அன்னிக்கே கண்டுபுடிச்சிடுவா என்றார். தேவிப்ரியா வேறு பார்டரே போதும் என்கிறாளாம். ரேணுகாம்பாள் கேட்கிறவளாக இல்லையாம்.

நான் அனுப்புவதற்கு முன் எடுத்த படத்தைப் போனில் காட்டினேன். பெருசாக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். நீங்க ஓட்டைய அடைச்சிட்டீங்க சார், எங்களுக்கு ஓட்டைலதான் டிசைனே இருக்குது என்றார். முப்பது வருஷம் எட்டாம் வகுப்புக்குக் கம்ப்யூட்டர் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லித்தர இந்த அட்டையைத்தான் கையில் பிடித்துக் காட்டியிருக்கிறேன். ஓட்டை இருந்தால் நூல் எழும், இல்லாவிட்டால் எழாது, ஆம், இல்லை, அவ்வளவுதான் என்பேன். அதே ஆள் நாற்பது அட்டைகளில் இருந்த அத்தனை ‘ஆம்’களையும் பட்டி வைத்து ‘இல்லை’யாக்கிவிட்டேன்.

படம் எடுத்து அனுப்புகிறேன் என்று சொல்லாதே. அட்டையில் ஓட்டை அடித்துத் தருபவரிடமும் கேட்டுவிட்டோம். பட்டி காய்ந்தால் ஓட்டையில் லேசாகக் குழி விழும், அது விரலுக்குத்தான் தெரியும், படத்தில் தெரியாதாம். கையில் வந்தால் தடவிப் பார்த்துப் புது அட்டை அடித்துவிடலாம் என்கிறார். ஓரத்தில் இருந்த எண்களும் பெயிண்டுக்கு அடியில் போய்விட்டன, ஆனால் அந்த நாற்பதையும் சேர்த்துக் கோத்த கயிற்றில் நான் கை வைக்கவில்லை, அதனால் வரிசை அப்படியே இருக்கிறது. நான் சரியாகச் செய்தது அது ஒன்றுதான்.

இனி உன் பக்கம். போன மாதம் வீடியோவில் நீ வீட்டைச் சுற்றிக் காட்டியபோது நான் தேடினேன். எந்தச் சுவரிலும் அது இல்லை. குறை சொல்லவில்லை அம்மா, நீலமும் மஞ்சளும் அந்த வீட்டுக்கு ஒவ்வாது என்று உன் அம்மா அன்றைக்கே சொன்னாள். அட்டைப்பெட்டியைப் பிரிக்காமலே அலமாரியில் வைத்திருந்தாயானால் அதைவிட நல்ல சேதி எனக்கு இல்லை. உங்கள் ஊர் வேண்டாத சாமான் கடையில் கொடுத்துவிட்டிருந்தால் அதையும் மறைக்காமல் எழுது. போய்க் கேள். யார் வாங்கினார்கள் என்று கடைக்காரருக்கு நினைவிருக்கலாம், ஐயம்பேட்டைக்காரருக்கு இருந்தது. வாங்கியவர் வீட்டுக்குப் போய் நிற்கக் கூச்சமாகத்தான் இருக்கும். ரேணுகாம்பாள் நம் வாசலில் நின்றாள், மறுநாள் மன்னிப்புக் கேட்க நான் அவள் வாசலில் நின்றேன், இரண்டு பேரும் நன்றாகத்தான் இருக்கிறோம்.

ஆணி ஏதாவது அடித்து வைத்திருந்தால் காலியாக இருக்க வேண்டாம் என்று நம் பழைய இட்லித்தட்டு ஒன்றை அனுப்புகிறேன். இந்த முறை யாருடையது என்று கேட்டுவிட்டேன். நம்முடையதுதான் என்றாள் அம்மா, பெயிண்ட் தொடக் கூடாது என்றும் சொல்லிவிட்டாள். அப்படியே இருக்கிறது.

குழந்தைக்குக் காமாட்சியம்மன் கோயில் குங்குமம் தனிப் பொட்டலத்தில் வைத்திருக்கிறேன். மூவரும் நோய்நொடி இல்லாமல், நினைத்தது நடந்து, நன்றாக இருங்கள். அட்டைகள் கிடைத்தால் எந்த நேரமானாலும் பரவாயில்லை, போன் செய், நான் அடுத்த தெருவுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். கயிற்றை மட்டும் அவிழ்த்துவிடாதே.

ஆசிகளுடன்,
அப்பா
சிவபாலன்